ஹேசலை அழைக்காத வீடு

பகல் வேளையில் ஹேசல் பர்டிக்கின் பச்சை நிறக் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பினால், ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினைக்கூட நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வோம். எந்த வாசலில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். கார் தாண்டிப் போனால் மூச்சு வரும். மூச்சு வந்ததற்காகக் கொஞ்ச நேரத்தில் வெட்கமாகவும் இருக்கும். தாண்டிப் போன கார் வேறு எங்கோ நின்றிருக்குமே.

வர்ஜீனியா பீச்சில் கடற்படை விமானிகளின் குடும்பங்கள் குடியிருந்த தெரு அது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஹேசலின் கணவர் லைல், எங்கள் ‘இராக்கொக்கு’ ஸ்குவாட்ரனின், அதாவது விமான அணியின், கமாண்டர். என் கணவர் அவருக்குக் கீழே போர் விமானம் ஓட்டினார். ஒரு விமானம் திரும்பி வரவில்லை என்றால், பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனைவியிடம் சொல்வது கமாண்டர் மனைவியின் வேலை. சட்டம் என்று எழுதி வைத்ததில்லை. ஆனால் யாரும் மீறியதுமில்லை. அவள் போய்ச் சொல்லும்வரை வேறு எவளும் அந்த வீட்டுக்குப் போன் பண்ணக்கூடாது. அவள் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போவோம், கையில் மூடிய பாத்திரத்தோடு. பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அவரவர் பெயர் எழுதியிருக்கும். காலிப் பாத்திரம் யாருடையது என்று அந்தப் பெண் தேடிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? அதனால் எங்கள் தெருவில் பிறந்தநாளுக்குக்கூட யாரும் பாத்திரத்தை மூடி எடுத்துப்போக மாட்டோம். கேக் என்றால் கேக் வெளியே தெரிய வேண்டும்.

ஹேசல் இந்த வேலைக்கென்று பிறந்தவள் இல்லை. நெப்ராஸ்கா கோதுமை வயல்காரி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவள் சிரித்தால் இரண்டு வீடு தள்ளி நாய் குரைக்கும். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், அதையும் ஒளிக்காமல் செய்வாள். அப்படிப்பட்டவளுக்கு நினைத்த நேரத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போக முடியாது. போவதற்கு முன் போன் பண்ண வேண்டும்.

“நான்தான் ஹேசல். சும்மா வரேன். சீட்டு விளையாட. மயக்கம் போட்டு விழுந்துடாத.”

முதல் தடவை இந்த வேலையைச் செய்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பெண் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, புதிதாகத் தைத்த ஜன்னல் திரையைக் காட்டியிருக்கிறாள். ஹேசல் வாயைத் திறக்க முடியாமல், திரை நன்றாக இருக்கிறது, துணி எங்கே வாங்கினாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாதிரியார் தொண்டையைக் கனைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிற்பாடு அந்தப் பெண் சொன்னாளாம்: “அவன் செத்துக் கிடக்கான், என்னைத் திரையைப் பத்திப் பேசவிட்டியே.” அதன் பிறகு ஹேசல் எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, வாசலிலேயே, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவாள். பொய்யான நம்பிக்கை, ‘இன்னும் தேடுகிறார்கள்’ என்ற இழுவை எதுவும் இருக்காது. கொடூரம் என்று சிலர் சொன்னார்கள். அவள் வாயால் கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அவளுக்கு எங்களில் மிகவும் பிடித்தவள் மேவிஸ் ஸ்ட்ரோம். வயதில் எங்களைவிடச் சின்னவள், ஒடிசலான தேகம், வாய் மட்டும் அடங்காது. அவள் கணவன் டேல், லைலின் ஸ்குவாட்ரனில் சிறந்த விமானி. அலையில் ஆடுகிற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், மேசையில் தட்டை வைப்பதுபோல விமானத்தை வைப்பான் என்று ஆண்கள் சொல்வார்கள். மேவிஸும் ஹேசலும் கடற்கரையில் கால்களை நீட்டிக்கொண்டு சிகரெட் பிடிப்பார்கள். நண்டு பிடிக்கப் போவார்கள். ஹேசல் சீட்டில் ஏமாற்றுவதை மேவிஸ் ஒருத்திதான் முகத்துக்கு நேரே கேட்பாள்.

அந்தச் சிநேகம் ஒரு வியாழக்கிழமை உடைந்தது.

பிக்கெட் என்ற பையனின் விமானம் கப்பலின் விளிம்பில் மோதிக் கடலில் போய்விட்டது. அவன் மனைவி லூயெல்லா, மேவிஸின் அடுத்த வீடு. ஹேசல் பாதிரியாரோடு வந்தாள். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலி. கார் மேவிஸின் வாசலில் நின்றது. ஹேசல் இறங்கி மேவிஸின் வாசற்கதவுக்கு நடந்தாள். பாதி வழியில் ஜன்னலுக்குள் மேவிஸைப் பார்த்தாள். மேவிஸ் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் ஹேசலுக்கு வீடு மாறியது தெரிந்தது.

“நீ இல்ல! மேவிஸ், நீ இல்ல!” என்று கத்திவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கொல்லையில் லூயெல்லா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மேவிஸ் ஹேசலைக் கண்டால் நகர்ந்துவிடுவாள். சண்டை ஒன்றும் இல்லை. பார்ட்டிகளில் பார்த்தால் சிரிப்பாள். ஆனால் ஹேசல் போன் பண்ணினால், தலைவலி; நண்டு பிடிக்கக் கூப்பிட்டால், வேறு வேலை. ஹேசல் என்னிடம் கேட்டாள்: “என் மூஞ்சியைப் பாத்தா அவளுக்குப் பயமா, ஐரீன்?” நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை, நானும்தான்.

பிறகு ஒருநாள் டேல் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வாஷிங்டன் போனான். சீருடை கூடாது, யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் வட்டத்தில் விமானி ஒருவனைச் சீருடை இல்லாமல் தலைநகருக்கு வரச் சொன்னால் அர்த்தம் ஒன்றுதான். ஏதோ விசாரணையில் மாட்டிக்கொண்டான். பாவம், பிக்கெட் விபத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். சில மாதம் கழித்துப் பத்திரிகையில் படம் வந்தது. விண்வெளிக்குப் போகத் தேர்ந்தெடுத்தவர்களின் வரிசையில் டேல் நின்றுகொண்டிருந்தான்.

ஸ்குவாட்ரனில் அவனைப் படாத பாடு படுத்தினார்கள்.

“என்னடா டேல், இனிமே டப்பாவுல அடைச்சு அனுப்புவாங்களாமே? மூடிய உள்ளேருந்து திறக்க முடியுமா?”

“திறக்க முடியாட்டி உன்னைக் கூப்பிடறேன், பீர் பாட்டில் திறக்கறதுல நீதான் கெட்டிக்காரன்.”

“இங்க நாம விமானத்தோட கடல்ல விழுந்தா விசாரணைக் கமிஷன். இவன் விழுந்தா ஊர்வலம்!”

உள்ளூர எல்லாருக்கும் பெருமை. கப்பலில் இறங்கத் தெரிந்தவன் எதிலும் இறங்குவான் என்று பேசிக்கொண்டார்கள். விண்வெளியிலிருந்து திரும்பிக் கடலில் விழுகிறவர்களைப் பொறுக்கியெடுக்கப் போகிறதும் எங்கள் விமானந்தாங்கிக் கப்பல்கள்தானே என்று அதில் ஒரு கர்வம் வேறு.

ஸ்ட்ரோம் குடும்பம் விரிகுடாவுக்கு அக்கரையில் ஹாம்ப்டன் பக்கம் குடிபோனது. லைல் ஸ்குவாட்ரனை விட்டு முழு விமானப் பிரிவுக்கும் தலைவரானார். ஹேசல் போகவேண்டிய தெருக்கள் இன்னும் கூடின.

அறுபதுகளின் தொடக்கத்தில், வசந்தகாலத்தில், டேலின் முறை வந்தது. பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு அட்லாண்டிக்கில் விழ வேண்டும். அன்றைக்குப் பழைய ஸ்குவாட்ரன் பெண்களை மேவிஸ் தன் வீட்டுக்கு அழைத்தாள். புதிய இடத்தில் விண்வெளி வீரர்களின் மனைவிகளும் இருந்தார்கள். ஆனாலும் அந்த நாளில் உடன் உட்கார எங்களைத்தான் கூப்பிட்டாள். காத்திருப்பதில் பழகினவர்கள் நாங்கள்தான். எல்லாருக்கும் போன் வந்தது. ஹேசலுக்கு வரவில்லை.

முந்தின நாள் ஹேசலின் சமையலறையில் நானும் லைலும் இருந்தோம். ஹேசல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“அவ மறந்திருப்பா, ஹேசல். நீயே போ,” என்றார் லைல்.

“பிணம் தூக்கற வண்டியக் கல்யாண வீட்டு முன்னாடி நிறுத்துவாங்களா?”

“என்ன பேச்சு இது?”

“நான் என்னன்னு எனக்குத் தெரியும், லைல். அவ மேல தப்பில்ல.” தோல் இல்லாத உருளைக்கிழங்கை அவள் சீவிக்கொண்டே இருந்தாள். பாதியாகிவிட்டது அது. “ஆனா நான் ஒருத்தி இல்லாம எல்லாரும் இருப்பீங்க. அதுதான். வேற ஒண்ணுமில்ல.”

மறுநாள் காலை நாங்கள் நீருக்கடியில் போகும் சுரங்கச் சாலையில் அக்கரை போனோம். மேவிஸின் புல்வெளி முழுக்கப் பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், வயர்கள். உள்ளே டிவி முன் நாற்காலிகள் போட்டிருந்தாள். லிப்ஸ்டிக் போட்டு, பத்திரிகைக்காகவே வாங்கிய மஞ்சள் கவுனில் இருந்தாள். டோநட், கேக், பழம் என்று எல்லாம் திறந்த தட்டுகளில் இருந்தன. ஏவுதளத்துக்கு மேலே மேகம். கவுன்ட்டவுனை நிறுத்தி வைத்திருந்தார்கள். டேல் ராக்கெட் உச்சியில் கேப்ஸ்யூலுக்குள் படுத்துக்கிடந்தான்.

அப்போது பாட்சி வந்தாள். எங்கள் ஸ்குவாட்ரனுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். எங்கள் வழக்கமெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் கண்ணாடிப் பாத்திரம். டூனா மீனும் நூடுல்ஸும் போட்டு ஓவனில் வைத்தெடுத்தது. மேலே அலுமினியத் தாளை இறுக்கி மூடியிருந்தாள். பாத்திரத்தை மேவிஸிடம் நீட்டி, “ஆறிப் போயிடக்கூடாதுன்னு மூடிட்டேன். இன்னிக்கு முழுக்க உங்களால சமைக்க முடியாதில்ல,” என்றாள்.

மேவிஸ் அதை வாங்கினாள். திருப்பி அடியைப் பார்த்தாள். பாட்சி சமர்த்தாகப் பிளாஸ்திரியில் பெயர் வேறு எழுதியிருந்தாள்.

மேவிஸ் பாத்திரத்தை டிவி மேலே வைத்துவிட்டு, சமையலறையைத் தாண்டித் துணி துவைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

“நான் என்ன பண்ணேன்?” என்றாள் பாட்சி. யாரோ அவளையும் பாத்திரத்தையும் சேர்த்து கராஜுக்குக் கூட்டிப் போனார்கள்.

நான் கதவைத் தட்டினேன். “மேவிஸ், அவ சின்னப் பொண்ணு. ஒண்ணும் தெரியாது.”

“எதையோ மறைக்கறீங்க.”

“டிவில ஓடுதே, வந்து பாரேன். மேகம் போகணும்னு காத்திருக்காங்க.”

“டிவிக்காரன் முதல்ல சொல்வானா? நம்ம ஆளுங்கதான முதல்ல சொல்லுவாங்க? ஹேசல் எங்க?”

“வீட்ல.”

“யார் வீட்ல?”

“அவங்க வீட்லதான், மேவிஸ்.”

“கிளம்பிட்டாங்களா?”

“எதுக்குக் கிளம்பணும்?”

“போன் பண்ணு. எடுக்கறாங்களா பாரு.”

அவள் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஹேசல் போனை எடுத்தால் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் இருந்தால் காரில் இல்லை. சமையலறைச் சுவரிலிருந்த போனில் ஹேசலின் எண்ணைச் சுற்றினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுத்தாங்களா?” உள்ளேயிருந்து குரல்.

“இரு.”

“எடுக்கலை. எடுக்கலை, ஐரீன்!”

நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், பச்சைக் கார் வருகிறதா என்று நானும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வைத்துவிட்டு மறுபடி சுற்றினேன். கடைசியில், மூச்சிரைக்க, “யாரு?” என்றாள் ஹேசல்.

“ஏன்டி எடுக்க இவ்வளவு நேரம்?”

“தோட்டத்துல தக்காளி நட்டுக்கிட்டு இருந்தேன். டிவிய என்னால பாக்க முடியல. ஏன், என்ன ஆச்சு? டேலுக்கு ஏதாவது...”

“டேலுக்கு ஒண்ணுமில்ல.” சொன்னேன், பாத்திரத்தையும் தாழ்ப்பாளையும்.

“நான் இங்கதான் இருக்கேன், அசைய மாட்டேன்னு சொல்லு அவகிட்ட,” என்றாள்.

நான் கதவருகே போய்ச் சொன்னேன். மேவிஸ் யோசித்தாள்.

“போனை வெச்சதும் கிளம்பினா எனக்கு எப்படித் தெரியும்?”

“மேவிஸ்...”

“வரச் சொல்லு. இங்க வந்து உக்காரச் சொல்லு. உள்ள உக்காந்துட்டா வாசல்ல வந்து நிக்க முடியாதில்ல.”

திரும்ப போனுக்கு வந்தேன். “உன்னை வரச் சொல்றா.”

“நான் வந்தா பயப்படுவாளே.”

“வரலைன்னுதான் பயப்படறா.”

ரிசீவரைக்கூடச் சரியாக வைக்காமல் போய்விட்டாள் போலிருக்கிறது. தோட்டத்துக் குழாயில் நீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்திரிகைக்காரர்களைப் பிளந்துகொண்டு அவள் வந்தபோது மேகம் இன்னும் விலகவில்லை. லைலின் பழைய கால்சட்டை, முழங்காலில் மண், நகங்களில் மண். யாரையும் பார்க்காமல் நேரே போய்த் துவைக்கும் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

“நான்தான். டேல் இன்னும் கிளம்பவே இல்ல. கால் நீட்டிப் படுத்திருக்கான், உன்னைவிட சௌகரியமா.”

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“அங்க என்ன பண்ற?”

“துணி மடிக்கறேன்.”

“நல்லது. மடி.”

எங்களை எல்லாம் கையசைத்துப் போகச் சொன்னாள். நான் மட்டும் சமையலறையிலேயே நின்றேன், காபி போடுகிற சாக்கில்.

“ஹேசல்,” என்றாள் மேவிஸ். “அன்னிக்கு நான் சிரிச்சேன்.”

“பாத்தேன்.”

“நீங்க ‘நீ இல்ல’ன்னு கத்தினதும் வாய்விட்டுச் சிரிச்சேன். லூயெல்லா வேலிக்கு அந்தப் பக்கம். அவ காதுல விழுந்திருக்கும்.”

“விழுந்துச்சு.”

“இல்லைன்னு சொல்லக் கூடாதா நீங்க?”

“எதுக்குப் பொய் சொல்லணும்? விழுந்துச்சு. வீட்டத் தப்பாப் பாத்தது நான். உன் பேரச் சொல்லி ஊரக் கூட்டினது நான். அத நான் லூயெல்லாகிட்ட பேசித் தீத்தாச்சு. தீந்துச்சோ இல்லையோ, பேசினேன். நீ எதுக்கு அதத் தூக்கிட்டு அலையற?”

“உங்களைப் பாக்கறப்பல்லாம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வருது. நீங்க ஒருத்தர்தான பாத்தீங்க.”

ஹேசல் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

“ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு போன் வரும்,” என்றாள். “லைல்தான் பண்ணுவான். இல்லாட்டி வேற யாராவது அவன் சொன்னதா சொல்லுவாங்க. உடனே எனக்கு என்ன தோணும் தெரியுமா? அப்பாடா, இவன் உயிரோட இருக்கான். அப்புறம்தான், செத்தது யாருன்னு கேப்பேன். அந்தச் சந்தோஷத்தோடதான் கார்ல ஏறுவேன். அந்தச் சந்தோஷத்தோடதான் லூயெல்லா வீட்டுக்கும் வந்தேன். சிரிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பழகிடுச்சு, உனக்குப் பழகல.”

தாழ் விலகியது. மேவிஸின் கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. ஹேசல் தரையிலிருந்து கை நீட்டினாள்.

“தூக்கி விடு. முழங்கால் பிடிச்சுக்கிச்சு.”

பிற்பகலுக்கு முன் மேகம் கலைந்து ராக்கெட் கிளம்பியது. கிளம்பும்போது எல்லாரும் எழுந்து நின்றோம். ஹேசலை மட்டும் மேவிஸ் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டாள். மூன்று சுற்று. அந்த மணிநேரங்கள் முழுக்க, ஹேசல் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தாலும் மேவிஸ் திரும்பிப் பார்ப்பாள்.

“அடியே, எனக்கு அவசரம். பாத்ரூம் போகணும்.”

“போகக் கூடாது.”

“அவன் பூமியச் சுத்தறான், நான் எதுக்குடி அடக்கிட்டு இருக்கணும்?”

“அப்ப நானும் கூட வருவேன்.”

போனாள். மேவிஸ் கதவுக்கு வெளியே காவல் நின்றாள்.

திரும்பி வரும் வழியில் காற்று மண்டலத்தின் சூட்டில் ரேடியோ அடங்கிப்போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அடங்கியது. டிவியில் பேசுகிறவனும் பேச்சை நிறுத்தினான். மேவிஸ் டிவியைப் பார்க்கவில்லை. ஹேசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேசல் சாய்வு நாற்காலியில் உடம்பை முழுக்கச் சாய்த்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் போட்டுக்கொண்டாள். எழுந்து ஓடவேண்டியவள் அப்படி உட்கார மாட்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காலை மட்டும் இறக்கவில்லை.

பிறகு கப்பலிலிருந்து பாராசூட்டைப் பார்த்துவிட்டார்கள் என்று டிவிக்காரன் கத்தினான்.

நாங்கள் போட்ட கூச்சலில் புல்வெளியில் இருந்தவர்கள் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். மேவிஸ் ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டாள். முகம் கழுவி, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கேமராக்களுக்கு முன்னால் போனாள். மகிழ்ச்சியாக இருக்கிறது, பெருமையாக இருக்கிறது, பயப்படவே இல்லை என்று சொன்னாள்.

ஹேசல் சமையலறைக்கு வந்து கை கழுவினாள். “அந்தப் பொண்ணு எங்க?”

பாட்சி கராஜில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுது முடித்திருந்தாள். பாத்திரம் மடியில் இருந்தது.

“கொண்டா அத. ஃபோர்க் இருக்கா?”

“ஆறிப்போச்சு, மிஸஸ் பர்டிக்.”

“இருக்கட்டும். இந்த மாதிரி மூடின பாத்திரம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு, நான் போனதுக்குப் பின்னாடி. எனக்கு ஒரு நாளும் யாரும் ஒரு தட்டு குடுத்ததில்ல.” தாளைக் கிழித்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். “உப்புப் போதல.” இன்னொரு வாய். “ஆனா பரவாயில்ல.”

நாங்களும் ஃபோர்க் எடுத்துக்கொண்டோம். கேமராவிலிருந்து தப்பி உள்ளே வந்த மேவிஸ் யார் கையிலிருந்தோ பிடுங்கித் தின்றாள். பாத்திரம் அங்கேயே காலியானது.

ஹேசல் கிளம்பும்போது, “சனிக்கிழமை சீட்டுக்கு வரேன். ஏமாத்தினா சொல்லிடுவேன்,” என்றாள் மேவிஸ். ஹேசல் அவள் தலையை ஒரு தட்டு தட்டினாள்.

நான் அவளோடு கார்வரை போனேன். பேனாவும் கையுமாக ஓர் இளைஞன் ஓடிவந்தான். மண் ஒட்டிய கால்சட்டையை ஏற இறங்கப் பார்த்தான்.

“மேடம், நீங்க ஸ்ட்ரோம் குடும்பத்துக்கு என்ன வேணும்? அம்மாவா?”

“அவ்வளவு வயசாவா தெரியறேன்?”

“அப்ப, எதுக்காக வந்தீங்க?”

ஹேசல் யோசித்துப் பார்த்தாள்.

“சாப்பிட வந்தேன்,” என்றாள். “அந்த வேன் உங்களோடதா? கொஞ்சம் நகத்தினா நான் வண்டிய எடுத்துடுவேன். தக்காளி பாதி நட்டபடி கிடக்கு.”